மேகத்தை எடுத்தவள்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி சொன்னதைக் கேட்டு நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

“மேகத்தையும் மரத்தையும் எடுத்த பிறகாக்கும் விமானம் ஒழுங்கா இறங்கிச்சு, அக்கா.”

“அந்தப் பழைய கம்ப்யூட்டரிலயா?”

“ஆமா, விமானம் ஓட்டுற கேம். பேடி மாறணும், பயம் போகணும்னுதான் தொடங்கினேன். படம் விக்கி விக்கி நின்னதுல உள்ள பேடியும் கூடிச்சு. நிழல், கடல் அலை, எல்லாத்தையும் கொறச்சேன்.”

“யாரு சொல்லித் தந்தா?”

“யாருமில்ல. ஒவ்வொண்ணா அணைச்சுப் பாத்தேன்.”

“கொள்ளாமே மக்கா, கெட்டிக்காரிதான்! மகளைப் பாக்க துபாய்க்குக் கெளம்பி, ஏர்போர்ட் வாசல்லேந்து பயந்து திரும்பி வந்தவளாக்கும் நீ!”

“வெள்ளிக்கிழமை போறேன். ஜன்னல் சீட்டு கேட்டிருக்கேன், அக்கா. மேகத்தைப் பாக்கணும்.”