லேத் சுழன்ற திசை

மாட்ட வேண்டாம் என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டுப் போன பெல்ட்டை என் தம்பி ஏன் மாட்டினான் என்பது என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. எனக்குத் தெரியாது. அவன் மனத்தில் இருந்ததை ஊகித்துச் சொல்ல விரும்பவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

என் பெயரும் முகவரியும் இத்தாளின் தலைப்பில் உள்ளன. வயது நாற்பத்தொன்பது. கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். சம்பவம் நடந்த பட்டறை அப்பாவுக்குப் பின் எனக்கும் தம்பிக்கும் பொதுவில் இருக்கிறது. தொழிலை நடத்துவது தம்பி மட்டுமே.

சென்ற ஆண்டு தம்பி, மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையிலிருந்து இரும்பு கடையும் பழைய லேத் ஒன்றை வாங்கி வந்தான். மழைக்காலம் முழுவதும் அது தார்ப்பாயின் கீழ் கிடந்தது. இடத்தையும் அடைத்துக்கொண்டு வேலையும் செய்யாததால் தம்பி மனைவி அதை ‘வீட்டோட மாப்பிள்ளை’ என்று அழைத்தாள். அதன் பிறகு பம்ப் கம்பெனி ஒன்று தண்டுகள் கடைந்து தரக் கேட்டதால், தம்பியும் ‘ஃபியூஸ்’ என்று எல்லோரும் கூப்பிடும் எலக்ட்ரீஷியனும் சேர்ந்து மண்ணெண்ணெய் ஊற்றித் துருவைத் தேய்த்து எடுத்தார்கள். அதன் பிறகு மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றி வாங்கி வந்தார்கள். அதன் பிறகு மூன்று பேஸ் மின் இணைப்புக்கு நானும் கையெழுத்துப் போட்டேன். லேத் ஓடுவதைப் பார்க்க வரும்படி தம்பி அழைத்ததால், சம்பவ நாளன்று காலை நான் அங்கே இருந்தேன்.

எலக்ட்ரீஷியன் ஸ்டார்ட்டர் பெட்டியில் மூன்று கம்பிகளையும் முடுக்கினார். புது இணைப்பில் மோட்டார் எந்தப் பக்கம் சுழலும் என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றும், தவறாகச் சுழன்றால் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் போதும் என்றும் என்னிடம் சொன்னார். இந்த லேத்தில் இரும்புத் துண்டைக் கவ்விப் பிடிக்கும் ‘சக்’ என்ற கனமான வட்டு, மரையில் திருகி மாட்டப்பட்டது. தலைகீழாகச் சுழன்றால் பாட்டில் மூடி போலக் கழன்றுவிடும். அதனால்தான் பெல்ட்டைக் கழற்றி வைத்திருந்தார். பெல்ட் இல்லாவிட்டால் மோட்டார் மட்டும் சுழலும், சக் அசையாது.

தம்பி பொறுமையிழந்து, “ஃபியூஸு, சோத்துல கை வைக்கறதுக்கு முன்னாடியும் டெஸ்டர் வச்சுப் பாப்பியாடா?” என்றான். எலக்ட்ரீஷியன், “உங்க வீட்டுச் சோறுன்னா பாப்பேண்ணே” என்றார். மூவரும் சிரித்தோம். அதன் பிறகு அவர், “மெயினைப் போட்டுட்டு வரேன், பெல்ட்ட மாட்டிராதீங்க” என்று சொல்லிவிட்டு வெளியே மீட்டர் பலகைக்குப் போனார்.

அவர் போனதும் பம்ப் கம்பெனி மேலாளர் வந்தார். லேத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஓடுமா, இல்ல காட்சிக்கு வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். தம்பி நேராக லேத்திடம் போனான். பெல்ட்டை எடுத்து மாட்டினான். நான், “அவர் வரட்டும்டா” என்றேன். “அக்கா, உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு” என்றான்.

அதன் பிறகு வெளியே மெயின் ஸ்விட்ச் போடும் சத்தம் கேட்டது. தம்பி பச்சைப் பொத்தானை அழுத்தினான். சக்கின் மேல்பக்கம், முன்னால் நிற்பவரை நோக்கி வராமல் பின்சுவரை நோக்கிச் சுழன்றது. வாசலுக்கு வந்த எலக்ட்ரீஷியன், “அண்ணே, நிறுத்துங்க!” என்று கத்தினார். தம்பி பின்னால் நகர்ந்துவிட்டான். மேலாளர் என் பின்னால் வந்துவிட்டார். நான் இருந்த இடத்திலேயே நின்றேன். லேத்தை நோக்கி ஓடியவர் எலக்ட்ரீஷியன் மட்டுமே. சிவப்புப் பொத்தானை அவர் அழுத்திய வேளையில் சக் கழன்று, லேத்தின் மேல் மோதி, அவருடைய வலது பாதத்தில் விழுந்தது.

சக்கை முன்னதாகத் திருகி மாட்டியவர் யார், எவ்வளவு இறுக்கினார் என்பது எனக்குத் தெரியாது. அது நான் வருவதற்கு முன்பே மாட்டப்பட்டிருந்தது.

மருத்துவமனையில் பாதத்தின் முன்பகுதியை எடுத்துவிட்டார்கள். எலக்ட்ரீஷியனின் மனைவி அவருடைய ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பி இணைப்பு சரியாகத்தான் இருந்தது என்றும், எலக்ட்ரீஷியன்தான் சக்கை இறுக்காமல் தானே ஓட்டினார் என்றும் தம்பி காவலரிடம் எழுதிக் கொடுத்த செய்தி அதற்குள் அவருக்கு எட்டியிருந்தது. “இப்படி எழுதிட்டா அவரோட லைசென்சும் போயிரும்ங்க. அவரு அவசரக்காரரே இல்ல. வீட்ல ஒரு பல்பு மாத்தவே ஒரு வாரம் ஆக்குவாரு” என்றார்.

அதன் பிறகு தம்பி என்னைத் தாழ்வாரத்தின் கோடிக்கு அழைத்துப் போனான்.

“நீ பொய் சொல்ல வேண்டாங்கா. பாக்கலன்னு மட்டும் சொல்லு.”

“பாத்தேனே.”

“காலேஜ்ல பாடம் நடத்தறவ நீ. லேத்தப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

“பச்சை எது, சிவப்பு எதுன்னு தெரியும்.”

“கூடப் பொறந்தவன விட அவன் பெருசாப் போயிட்டானா?” என்றான். பார்க்கவில்லை என்று சொல்வதாக நான் ஒப்புக்கொள்ளவில்லை. மேலாளரைக் கேட்டால் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை நான் பட்டறைக்குப் போனேன். காவலர் வந்து பார்க்கும்வரை எதையும் தொடமாட்டார்கள் என்று நினைத்துத்தான் போனேன். தெருமுனையிலேயே லேத் ஓடும் சத்தம் கேட்டது. தரை கழுவப்பட்டிருந்தது. நான் அறியாத வேறொரு எலக்ட்ரீஷியன் ஸ்டார்ட்டர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். நான் கேட்டதற்கு, “ரெண்டு வயர மாத்திப் போடச் சொன்னாங்க, போட்டேன்” என்றார். சக் அதன் இடத்தில் மாட்டப்பட்டு, முன்னால் நிற்பவரை நோக்கிச் சரியாகச் சுழன்றுகொண்டிருந்தது. தம்பி தண்டு கடைந்துகொண்டிருந்தான். அதன் பிறகு ஒரு காவலர் வந்தார். லேத் சரியான திசையில் ஓடுகிறது, இணைப்பில் குறை இல்லை என்று எழுதிக்கொண்டார். முந்தைய நாள் அது வேறு திசையில் சுழன்றது என்று நான் சொன்னேன். அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி கடைந்து முடித்த தண்டைத் துணியால் துடைத்து அவர் கையில் கொடுத்து, “தொட்டுப் பாருங்க சார், கண்ணாடி மாதிரி இருக்கும்” என்றான். காவலர் தொட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். அதன் பிறகு நான் அங்கிருந்து நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ‘தம்பி’ என்று வரும் இடங்களில் ஏதேனும் மாற்ற வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம் என்றேன். கண்டதையும் கேட்டதையும் தவிர இதில் வேறு எதையும் நான் சேர்க்கவில்லை.

(கையொப்பம்)