வெயிட் பண்ணச் சொன்னது யார்?

— குழாய் கிடக்கட்டும் தம்பி. முதல்ல தலையை வெளிய எடு. பாத்திரத் தொட்டிக்கு அடியில மூஞ்சியை ஒளிச்சு வெச்சுக்கிட்டா நான் கேள்வி கேட்க மாட்டேன்னு நினைப்பா?

— தண்ணி பீச்சுது மாமா. கையை எடுத்தா நீங்க நனைஞ்சிடுவீங்க. கேளுங்க, காது வெளியதான் இருக்கு.

— மாமாவா! அதுக்குள்ள என்ன உறவு? என் பொண்ணைக் கட்டிக்கிறேன்னு வந்து நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. தேதி சொல்ற வரைக்கும் நான் உனக்கு சார்தான்.

— சரி சார். இந்த நட்டை யாரோ ஸ்பேனர் போட்டுக் கழட்டி விட்டிருக்காங்க சார். கீறல் புதுசா இருக்கு.

— எலி.

— எலி ஸ்பேனர் பிடிக்குமா சார்?

— எங்க வீட்டு எலி லாரியே ஓட்டும். பேச்சை மாத்தாதே. உறவுக்காரனா கூப்பிட்டா வரமாட்டே, பிளம்பரா கூப்பிட்டா வர்றே. ஏன்?

— அது வந்து சார்...

— நானே சொல்றேன். கல்யாணம் எப்பம்மான்னு கேட்டா என் பொண்ணு வாயில இருந்து கொட்டுறதெல்லாம் உன் இங்கிலீஷ்தான். முதல்ல, 'அவர் வெயிட் பண்ணச் சொன்னார்ப்பா.' சரி, அது பெட்டிக்கடைக்காரர்கூடச் சொல்ற வார்த்தை. அப்புறம் 'ஹோல்ட் ஆன்'. போகட்டும், அரை நிமிஷ சமாசாரம். போன கோடையில 'பேர் வித் மீ', கொஞ்சம் பொறுத்துக்கோன்னு சொன்னியாம்! தப்பு தன் பேர்லதான்னு தெரிஞ்சவன், காலைப் பிடிச்சுக்கிட்டே நம்மளை நிக்க வைக்கிற வார்த்தைடா அது!

— நானா சார்?

— முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டுல மைக் பிடிச்சவன் நான். வராத பஸ்ஸுக்கு ஜனங்களை நிக்க வெச்சே பென்ஷன் வாங்கினவன். நான் 'ப்ளீஸ் வெயிட்'டுன்னா மேகம்கூட நின்னு கேட்டுட்டுத்தான் மழை பெய்யும். 'ஒன் மினிட்'னா டிரைவர் டீ குடிக்கிறான்னு அர்த்தம். 'ஷார்ட்லி'ன்னா டீயோட வடையும் சாப்பிடுறான். 'ஸ்டாண்ட் பை'ன்னா பஸ் இன்னும் டிப்போவை விட்டே கிளம்பலை. நேத்து நீ சொல்லி அனுப்பினது அதுதானே? உண்மையைச் சொல்லு. யாரு அவ?

— எவ சார்?

— இன்னொருத்தி. எந்த வீட்டு மொட்டை மாடியில டேங்க் மாட்டப் போய் நீ மாட்டிக்கிட்டே?

— ஐயோ சார்! 'ஸ்டாண்ட் பை'ங்கிறதை நீங்க சொல்லித்தான் கேட்கிறேன். எங்க தொழில்ல யாரையுமே வெயிட் பண்ணுங்கன்னு சொல்ல மாட்டோம். சொன்னா அடுத்த நிமிஷமே வேற ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. 'வந்துட்டே இருக்கேன், உங்க தெரு முனையில திரும்பிட்டேன்'. இது ஒண்ணுதான். போர்வைக்குள்ள படுத்திருந்தாலும் இதான். காலையில நீங்க கூப்பிட்டப்ப என்ன சொன்னேன்?

— தெரு முனையில நிக்கிறேன்னே. நான் குளிச்சு, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்தப்புறம் வந்தே.

— பார்த்தீங்களா!

— அட, ஆமா... நீ பொய் சொல்றவன்தான். ஆனா இந்தப் பொய் உன்னோடது இல்லையே.

— நான் ஒண்ணு கேட்கலாமா சார்? கோபப்படக் கூடாது. வெயிட் பண்ணச் சொன்னது நீங்கதானே?

— நானா!

— 'அப்பா இன்னும் யோசிக்கிறார், ஹேங் ஆன்'னு உங்க பொண்ணுதான் சொன்னாங்க. அதுக்கு முன்னாடி, 'உங்க தொழில்தான் அவருக்கு உறுத்துது, ஜஸ்ட் எ மொமென்ட்'. வாசல்படி மிதிச்சா விளக்குமாத்தை எடுப்பீங்கன்னும் சொன்னாங்க. அதான் நான் இந்தப் பக்கமே வரலை.

— அடப்பாவி! கல்யாணத்துக்குன்னு நான் தைச்ச சட்டை எனக்கே பத்தாமப் போய், மறுபடியும் தைச்சு வெச்சிருக்கேன்டா! அவ வேலை பார்க்கிற கஸ்டமர் கேர் ஆபீஸ்ல பைப் வெடிச்சு, நீ போய் அடைச்சு, அங்கிருந்து நேரா என்கிட்ட வந்து பொண்ணு கேட்டியே... அன்னைக்கே உன்னை எனக்குப் பிடிச்சுப் போச்சு.

— அப்ப உங்களுக்கும் எனக்கும் நடுவுல...

— அவதான் நிக்கிறா. ஏன்? நீ குடிப்பியா?

— டீ குடிப்பேன்.

— சூதாட்டம்?

— சீட்டுக்கட்டுல எத்தனை சீட்டுன்னுகூடத் தெரியாது.

— அப்ப அவ ஆபீஸ்ல வேற எவனாவது...

— அப்படியெல்லாம் பேசாதீங்க மாமா. என்ன கஷ்டமோ அவங்களுக்கு. ரெண்டு வருஷம் நின்னவன், இன்னும் கொஞ்சம் நிக்கிறேன்.

— மாமான்னியா? சொல்லு, சொல்லு, இனிமே அப்படியே சொல்லு. உஷ்... கேட் சத்தம். அவதான். நீ பேசாதே, நான் விசாரிக்கிறேன்.

— அப்பா, வாசல்ல யார் செருப்பு... ஓ. நீங்களா?

— இவரேதான் தாயே. உட்காரு. இவன் வெயிட் பண்ணச் சொன்னான்னு என்கிட்ட சொன்னே. நான் வெயிட் பண்ணச் சொன்னேன்னு இவன்கிட்ட சொன்னே. ரெண்டு பேரும் எதிரும் புதிருமா உட்கார்ந்து பேசிட்டோம்.

— அப்பா, ஒரு நிமிஷம்...

— அந்த வார்த்தையும் வேணாம், அதோட அண்ணன் தம்பி யாரும் வேணாம்!

— அதட்டாதீங்க மாமா. ஏங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன். இன்னும் எவ்வளவு நாள்னு மட்டும் சொல்லுங்க. நான் இருக்கேன்.

— நீங்க ஏன் இவ்வளவு நல்லவரா இருக்கீங்க? உங்க முகத்தைப் பார்த்து எப்படிங்க சொல்றது?

— எதைம்மா? வாயைத் திறந்து சொல்லு.

— எங்க ஆபீஸ்ல யார்கிட்டயும் 'முடியாது'ன்னு சொல்லக் கூடாதுப்பா. விதவிதமா வார்த்தையை மாத்தி நிக்க வெச்சுக்கிட்டே இருக்கணும், அவங்களா அலுத்துப் போய் போனை வெச்சுடுவாங்க. எல்லாரும் வெச்சுடுவாங்க. இவர் ஒருத்தர்தான் வைக்கவே மாட்டேங்கிறார்.