தொடர்கதையில வர்ற பொம்பள

உக்காருங்க சார். காதுல மாட்டற கம்பிதான் கழண்டிருக்கு, திருகாணி போட்டா சரியாயிடும். அவசரமா? கண்ணாடி இல்லாம தெருவத் தாண்ட முடியாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க. அப்ப உக்காருங்க, ஒண்ணு கேக்கணும்.

பத்திரிகையில வாராவாரம் தொடர்கதை வருதே, கடிகாரம் ரிப்பேர் பண்றவளப் பத்தி, அது நீங்க எழுதறதுதானே? இல்லேன்னு சொல்லாதீங்க, போட்டோ போட்டிருக்கான். யாரு சார் அவ?

கற்பனையா. சரி. திருகாணிய உதட்டுல கவ்விக்கிட்டே பேசறா. கஸ்டமர் பொய் சொன்னா தலைய நிமித்தாம ம் கொட்டறா. கோவம் வந்தா தொடச்ச இடத்தையே திருப்பித் திருப்பித் தொடைக்கறா. போன வருஷம் லென்ஸ் மாத்த வந்து இதே ஸ்டூல்ல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தீங்களே, அப்பப் பாத்ததுதானே? கண்ணாடிக் கடையக் கடிகாரக் கடையா மாத்திட்டா எனக்குத் தெரியாதா?

ரெண்டு மூணு பேரச் சேத்துப் பிசைஞ்சதா? இருக்கட்டும். கைய எங்கிட்ட எடுத்தீங்க, மூக்க வேற யாருகிட்டயோ எடுத்திருப்பீங்க. லெட்டர் விஷயத்த யாருகிட்ட எடுத்தீங்க?

அதான் சார், புருஷனுக்குக் கப்பல் கம்பெனியில வேலை கெடச்சு லெட்டர் வருது, இவ வாங்கி மறைச்சிடறா. அவன் பாவம், நம்மள எடுக்கலன்னு நெனச்சுக்கிட்டு ஒர்க்‌ஷாப்புல ஸ்பேனர் பிடிக்கறான். எங்க வீட்டுக்காரரும் ஒர்க்‌ஷாப்புதான். அவரும் ஒரு காலத்துல கப்பலுக்கு எழுதிப் போட்டவர்தான். படிக்கறவங்க என்ன நெனப்பாங்க? எங்க அக்கா ஏதாவது சொன்னாளா உங்ககிட்ட? அவளத் தெரியவே தெரியாதா? நெசமாவா?

சும்மா தோணிச்சா. ஒருத்தி கண்ணாடி தொடைக்கறதப் பாத்தா, இவ புருஷன்கிட்ட எதையோ மறைக்கறான்னு தோணுமா? நல்ல ஆளு சார் நீங்க. இனிமே உங்க முன்னால இருமக்கூட பயமா இருக்கு.

ஞாயித்துக்கிழமையானா அவர்தான் சத்தமா வாசிப்பார், நான் துணி மடிச்சுக்கிட்டே கேப்பேன். ஒரு வாரம் அவள வெளுத்து வாங்கறார். அடுத்த வாரம், வயித்துப் பிள்ளையோட தனியா கெடக்கப் பயந்திருப்பா, விடுங்கறார். நீங்களும் அவள நல்லவளாவும் எழுத மாட்டேங்கறீங்க, கெட்டவளாவும் எழுத மாட்டேங்கறீங்க. எங்க வீட்டுல தீர்ப்பு வாரத்துக்கு வாரம் மாறுது. போன வாரம் வாசிச்சு முடிச்சிட்டு பத்திரிகைய மடிச்சு வச்சார். கொஞ்ச நேரம் என் கையவே பாத்துக்கிட்டு இருந்தார். எனக்குத் தூக்கமே போச்சு சார்.

போட்டுப் பாருங்க. காதுகிட்ட அழுத்துதா? அப்புறம், ஒரு தப்புப் பண்ணிட்டீங்க. அவ அந்த லெட்டர அடுப்புல போட்டுட்டான்னு எழுதியிருக்கீங்க. போடல. பன்னெண்டு வருஷமா என் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட் பைக்குள்ளதான் இருக்கு.

கடைசி அத்தியாயம் குடுத்தாச்சா? இல்லேல்ல. அப்ப அவளே புருஷன்கிட்ட சொல்லிடற மாதிரி எழுதுங்க சார். அவன் என்ன பதில் சொன்னான்னு மட்டும் எழுதாதீங்க, அங்கயே நிறுத்திடுங்க. அத எங்க வீட்டுக்காரர் சொல்லட்டும்.