ஃபேன் சுத்துது, படம் வரல

ஃபேன் சுத்துது, விளக்கு எரியுது, அப்புறம் ஏன் தம்பி படம் வரல? கறுப்பாவே நிக்குதே. இல்ல, பயப்படல. கேக்கறேன். கேக்கக்கூடாதா? என் வீட்ல இருக்கு, என் கரண்ட்ல ஓடுது.

அதை எதுக்குப் பிடுங்கற? நேத்துதான மாட்டின. மெமரியா. அது சரியா உக்காரலன்னா படம் வராதா. அப்ப நேத்தே சரியா உக்கார வெச்சிருக்கலாம்ல. உனக்கு வேலைல கவனம் இல்ல எல்யோர், அதான் விஷயம். முனிசா டீ கொண்டாந்து வெச்சப்பவே பாத்தேன், ஸ்க்ரூ கைல நிக்கல உனக்கு. கம்பளத்து மேல தவழ்ந்து தேடிட்டுக் கிடந்த. இன்னிக்கு என் பொண்ணு வரமாட்டா. உள்ள படுத்திருக்கா, தலைவலி. அதனால நிதானமா மாட்டு.

வந்துடுச்சா. சரி, வெள்ளை எழுத்து வருது. என்னன்னு நீயே படிச்சுக்க, எனக்கு அந்த எழுத்து தெரியாது. நம்ம எழுத்தே எட்டாங்கிளாஸோட நிறுத்திட்டாங்க.

மெத்தை மேல கால் வைக்காத. புதுப் பஞ்சு. ஆமா, நிறையதான் இருக்கு, கூரை வரைக்கும் அடுக்கியிருக்கேன், பொண்ணு இருக்கற வீட்ல மெத்தை தைக்காம வேற என்ன தைப்பாங்க. நீ அங்க பாக்காத, உன் வேலையைப் பாரு.

உங்க சித்தி போன மாசம் வந்தாங்கல்ல. ரெண்டு ரொட்டியைத் துணியில கட்டிட்டு, ஒரு தட்டு அல்வாவோட. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்னாங்க. நம்ம மர்கிலான் ஊர்ல எவளாவது சும்மா ரொட்டி கட்டிட்டு வருவாளா? முனிசாவை உனக்குக் கேட்டுதான் வந்தாங்க. அந்த ரொட்டியை நான் பிக்கல. பிச்சா சம்மதம்னு ஆயிடும்ல. திருப்பியும் அனுப்பல. பையன் எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் பூட்டிக் குடுக்கட்டும், அப்புறம் பதில் சொல்றேன்னேன். சொல்லுவேன். நீ ஏன் திருதிருன்னு முழிக்கற? முதல்ல இது ஒழுங்கா ஓடட்டும்.

இப்ப என்ன பண்ணுது, இரைச்சல் போடுதே. சோதனையா. முழு வேகத்துல ஓட விட்டு சூடு ஏத்திப் பாக்கணுமா. உடையறதா இருந்தா இங்கயே உடையட்டும்ங்கற. நல்ல யோசனைதான். மாப்பிள்ளைங்களையும் இப்படி ஓட்டிப் பாத்துட்டுக் கட்டிக் குடுத்தா எவ்வளவு நல்லாருக்கும்.

கரண்ட் குறைஞ்சா என்ன ஆகும்? சாயங்காலம் ஆனா இந்தத் தெருவுல பல்பு மஞ்சளாயிடும். ஸ்டெபிலைசர் வாங்கணுமா. நீ மொதல்லயே சொல்லியிருக்கணும். நீயே ஒண்ணு கொண்டு வா, உங்கிட்ட பழசு கிடக்கும்.

சம்சா எடுத்துக்க. பூசணிக்கா வெச்சது. கறி வெச்சதும் இருக்கு, அது விருந்தாளிங்களுக்கு.

ஆங், கேக்கணும்னு இருந்தேன். இந்தப் படம் காட்டற கார்டு. நான் குடுத்த காசுக்கு இதுவா வரும்? பஜார்ல விசாரிச்சுட்டேன் தம்பி, எனக்குப் படிப்புதான் இல்ல, விலை கேக்கத் தெரியும். முனிசா துணிக்கு டிசைன் போடறா, அவளுக்கு வேகமா ஓடணும்னு நீ உன் கைக்காசைப் போட்டிருக்க. வேணாங்கல. போட்டது போட்டதுதான, பின்னாடி கோவத்துல பிடுங்கிட்டுப் போகமாட்டியே? இல்லன்னு சொல்லு. வாயால சொல்லு. சரி.

இந்த உறையைப் பாரு. வெல்வெட்டு, கீழ குஞ்சம். போட்டுப் பாக்கட்டா? காத்து போகாதா. அப்ப என்ன, நாப்பது பொம்பளைங்க முன்னாடி அம்மணமா நிக்க வைக்கச் சொல்றியா?

எந்தப் பொம்பளைங்களா. சீர் பாக்க வர்றவங்கதான். பக்கத்து ஊரு ஃபெர்கானால. மெத்தை, பாத்திரம், துணின்னு எல்லாத்தையும் கூடத்துல பரப்பி வெப்பாங்க, அவளுங்க ஒண்ணொண்ணா தொட்டுத் தொட்டு மூஞ்சியைச் சுளிப்பாளுங்க. என் பெரியவ ராணோ கல்யாணத்துல டிவி வெச்சோம். ஸ்விட்ச் போட்டா பொட்டுனு நின்னுடுச்சு. வெறும் பெட்டியைச் சீரா அனுப்பினவன்னு இன்னிக்கு வரைக்கும் அவ மாமியா சொல்லிக் காட்டறா. இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாது. மாப்பிள்ளையோட அம்மா கறாரா சொல்லிட்டா, ஃபிரிட்ஜ் எங்ககிட்ட இருக்கு, பையன் வீட்லேந்து கணக்கு எழுதறான், கம்ப்யூட்டர் வைங்கன்னு.

முனிசாவுக்குத்தான் தம்பி, பின்ன யாருக்கு. ராணோவுக்கு ரெண்டு பிள்ளை ஆச்சு, அவளுக்கா மறுபடி சீர் வெப்பேன்? ரொட்டி பிச்சாச்சு. அவங்க கொண்டாந்த ரொட்டியை. உங்க சித்தி கொண்டாந்தது காஞ்சு போச்சு, தண்ணில ஊற வெச்சுக் கோழிக்குப் போட்டுட்டேன்.

ஏன் எழுந்திரிக்கற? சோதனை இன்னும் முடியலயே. நடுவுல நிறுத்தினா கோளாறு தெரியாதுன்னு நீதான சொன்ன. உக்காரு. போகணும்னா போ, நான் கையைப் பிடிக்கல. ஆனா அங்க ஸ்விட்ச் போட்டு இது கறுப்பா நின்னா நாப்பது பேரும் என்னைப் பாக்கமாட்டாங்க. தலையில முக்காடு போட்டுக்கிட்டு நடுவுல நிப்பா பாரு புதுப்பொண்ணு, அவளைத்தான் பாப்பாங்க. ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க.

ஆங். உக்காரு. எனக்குத் தெரியும் நீ உக்காருவன்னு.

மட்டமா பேசல தம்பி. நல்ல பையன்தான் நீ. ஒரு ரூம்ல சித்தியும் நீயும், நடுவுல திரை. அதுல என் பொண்ணை எங்க படுக்க வெப்ப? அந்தக் கம்ப்யூட்டர் டப்பா மேலயா?

அவ சம்மதமான்னா கேக்கற. இல்ல. எல்யோரைத் தவிர யாரும் வேணாம்னுட்டா. திட்டினேன், அடிச்சேன், ரூம்ல போட்டுப் பூட்டினேன். நேத்து ராத்திரிலேந்து சோறு தண்ணி இல்லாம கிடக்கா. தலைவலின்னு சொன்னேன்ல, அதான் தலைவலி. கத்தாத. நீ கத்தினா அவ கதவைத் தட்டுவா, பக்கத்து வீட்ல கேக்கும்.

அவ பிடிவாதம்கூடப் பரவால்ல. மாப்பிள்ளை வீட்டுக்கு எவளோ வத்தி வெச்சுட்டா. உங்க வீட்டுக்கு ஒரு பையன் வந்து வந்து போறானே, யாருன்னு கேட்டுட்டாங்க. நான் என்ன சொல்றது? கம்ப்யூட்டர் பூட்ட வர்றான்னா நம்புவாங்களா, கம்ப்யூட்டர் வர்றதுக்கு முந்தியே வந்துட்டிருந்தவனை?

அவன் என் பால் குடிச்சவன்னு சொல்லிட்டேன்.

அப்படிப் பாக்காத. நீ பொறந்த வருஷம் குளிர்ல உங்கம்மா காய்ச்சல்ல ஆஸ்பத்திரில கிடந்தா. ராணோ எனக்குக் கைக்குழந்தை. ரெண்டு பேரையும் ரெண்டு பக்கம் போட்டுக் குடுத்தேன்னேன். முல்லாவையும் கேட்டுக்கிட்டேன். ஒருத்தி மார்ல குடிச்சா அவ வயித்துல பொறந்த எல்லாப் பிள்ளைங்களுக்கும் அவன் அண்ணன் தம்பிதானாம். ராணோவுக்கும், பின்னாடி பொறந்த முனிசாவுக்கும். நிக்காஹ் ஆயுசுக்கும் ஆகாது. மாப்பிள்ளை வீட்ல முகம் மலர்ந்துடுச்சு. பால் குடிச்ச அண்ணனா, அப்ப சீரை அவனே கொண்டாந்து இறக்கட்டும், அவனுக்கு ஒரு கோட்டு எடுத்து வெக்கறோம்னாங்க.

உண்மையான்னு யாரைக் கேப்ப? உங்கம்மாவைக் கேக்கணும். கபர்ஸ்தான் பக்கத்துலதான் இருக்கு, போய்க் கேளு. உங்க சித்தி அப்ப தாஷ்கண்ட்ல இருந்தாங்க. என் வீட்டுக்காரரு செத்துட்டாரு. மிச்சம் இருக்கறது நான்தான். நான் சொல்றேன், குடுத்தேன்னு.

இது என்ன, பச்சையா வந்திருக்கு. சோதனை முடிஞ்சுதா. ஒரு குத்தமும் இல்லியா. பாத்தியா, நல்ல கை உனக்கு. இப்ப சிஸ்டம் ஏத்தணுமா, ஏத்து. நான் பேசறது உன்னை என்ன பண்ணுது.

நீ போய் இல்லன்னு சொல்லலாம். எனக்கும் அந்தப் பொம்பளைக்கும் பாலும் இல்ல மோரும் இல்லன்னு சொல்லு. அப்புறம் எதுக்கு அந்த வீட்டுக்கு அத்தனை தடவை போனன்னு உடனே கேப்பாங்க. கல்யாணம் நின்னுடும். உனக்கு என்ன, நீ ஆம்பளை, சட்டையைத் தட்டிட்டுப் போயிடுவ. அவளை எவன் கட்டுவான்? நீ கட்டுவியா? நான் மூச்சு இருக்கற வரைக்கும் பால் குடுத்தேன்னுதான் சொல்லுவேன். எந்த முல்லா உங்களுக்கு நிக்காஹ் ஓதறாருன்னு பாக்கறேன்.

யோசிச்சுக்க. அவசரமே இல்ல. அது என்ன, கட்டம் கட்டி நின்னுடுச்சு? யாரோட கம்ப்யூட்டர்னு பேரு கேக்குதா. போடு. பஹ்ரோம்னு போடு. மாப்பிள்ளை பேரு. தப்பில்லாம அடி. மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு அடி தம்பி, கீபோர்டு மேல சொட்டுது.

அடிச்சுட்டியா. நல்லது. இரு, உள் ரூம் சாவி என் மடியிலதான் இருக்கு. பால் குடுத்த விஷயத்தை அவகிட்ட இன்னும் சொல்லல. நான் சொன்னா நம்பமாட்டா, அம்மா பொய் சொல்றான்னு சுவத்துல முட்டிப்பா. நீ சொன்னா நம்புவா. இன்னிக்கு உன்னை வரச் சொன்னதே அதுக்குத்தான், இந்த டப்பாவை நாளைக்குக்கூடப் பாத்திருக்கலாம். பெருசா ஒண்ணும் பேச வேணாம். அவ வெளிய வந்து உன் மூஞ்சியைப் பாப்பா, பாத்தவுடனே தங்கச்சின்னு ஒரு வார்த்தை கூப்பிடு. மெதுவா கூப்பிடு, சாப்பிடாம இருக்கா, விழுந்துடப் போறா.