குச்சிப் பொம்மையின் நடை

— இன்னொருக்கா ஓட்டுங்க.

— போதும் ரேச்சலு. சர்ச்சுல இருந்து வந்ததுல இருந்து லேப்டாப்புல இதையேதான் பாத்துட்டிருக்கற. டீ ஆறிப்போச்சு.

— ஓட்டுங்கன்னா ஓட்டுங்க.

— இந்தா... நடக்குது, நடக்குது, நடந்துட்டே இருக்குது. போதுமா? நாலஞ்சு குச்சி, மேல ஒரு வட்டம். இதுல என்ன இருக்குதுன்னு இப்படி மொறைக்கற?

— யாருங்க இவ?

— எவ?

— இந்தக் குச்சிக்காரி.

— அட ஆண்டவரே... பொம்மைம்மா அது! அனிமேஷன் கிளாஸ் ஹோம்வொர்க்கு. மொதல்ல பந்து குதிக்க வெக்கச் சொன்னாங்க, வெச்சேன். இப்ப ஒரு மனுசன நடக்க வெக்கணும். அவ்வளவுதான்.

— மனுசனா? இந்த இடுப்பப் பாத்தா மனுசன் இடுப்பு மாதிரியா இருக்குது?

— ஒத்தக் கோடு போட்டிருக்கேன். அதுக்கு இடுப்பு எங்கிருந்து வந்துது?

— கோடுதான். ஆனா எப்படி அசையுதுன்னு பாருங்க. இது நீங்களா கற்பனை பண்ணினது இல்லைங்க. யாரோ நடந்திருக்கா, நீங்க குறுகுறுன்னு பாத்திருக்கீங்க.

— பாக்கச் சொன்னதே கிளாஸ் எடுக்கற பிரைட்டன் சார்தான். தெரிஞ்சவங்க யாராச்சும் நடக்கறத ஃபோன்ல வீடியோ எடுங்க, அதைப் பாத்து ஒவ்வொரு படமா வரைங்கன்னாரு. மூஞ்சி வேண்டாம், நடையிலயே ஆளு தெரியணும்னாரு.

— ஆக, ஆளு இருக்குது.

— டீயக் குடிக்கலாம் வா.

— டீயக் காட்டினா விட்டுருவேனா? யாரு?

— மனிஷா எல்லாம் இல்ல.

— நான் மனிஷான்னு சொல்லவே இல்லையே!

— இல்ல... நீ கேப்பேன்னு...

— எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற கதையால்ல இருக்குது! மனிஷா அழகாக் கலர் குடுக்கறா, மனிஷா டக்குன்னு புடிச்சுக்கறா, மனிஷா பந்து ஜம்முன்னு குதிக்குது... இந்த ஊட்டுல என்ற பேர விட அவ பேருதான் ஜாஸ்தி கேக்குது.

— அது சின்னப்புள்ள, ரேச்சலு. குந்தாவுல இருந்து பஸ் ஏறி வந்து எங்க கிளாஸ்ல படிக்குது. என்னைய அங்கிள்ங்குது.

— அப்ப உங்க ஃபேக்டரி ஆபீசு ஜெஸிந்தா.

— ஜெஸிந்தாவா! அவங்க முட்டி வலின்னு செவுத்தப் புடிச்சுட்டு நடக்கறவங்க.

— ஓஹோ. அவ நடையவும் கவனிச்சு வெச்சிருக்கீங்க!

— உன்கூட மல்லுக்கட்ட முடியாது. லேப்டாப்ப மூடறேன்.

— மூடாதீங்க. கைய எடுங்க. வெக்கத்த விட்டுச் சொல்றேன், எனக்கு வயிறு எரியுதுங்க. என்னைய ஒரு ஃபோட்டோ எடுங்கன்னா, மிஸ்ட்டு மூடிக்கிட்டிருக்குது, வெளிச்சம் பத்தாதும்பீங்க. இவளுக்கு மட்டும் குதிகாலு தரையில படறது, முட்டி மடங்கறது, கை முன்னால போய்ப் பின்னால வர்றது... ஒண்ணொண்ணா உக்காந்து வரைஞ்சிருக்கீங்க. இத்தன ஆசையா என்னைய எப்பங்க பாத்தீங்க?

— அழுவறியா?

— இல்ல, வெங்காயம் உரிக்கறேன்.

— வெங்காயமே கையில இல்லையே...

— சிரிக்காதீங்க! யாருன்னு சொல்லுங்க. சொல்லலீன்னா காலைல மஞ்சூர் பஸ்ஸு ஏறி எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன். சமாதானம் பேச பாஸ்டரக் கூட்டிட்டு வந்தாலும் வரமாட்டேன்.

— ஒரு குச்சிப் பொம்மைக்கா?

— சரி, நீங்க சொல்லவேண்டாம். நானே கண்டுபுடிக்கறேன். ஓட்டுங்க... ம்... தரைக்குச் சமமாக் கோடு போட்டிருக்கீங்க. ஆனா இவ சமதரையில நடக்கலை.

— என்னது?

— உடம்பு பின்னால சாயுது பாருங்க. குதிகால ஊணி ஊணி வெக்கறா. எறக்கத்துல எறங்கறவ நடை இது. அதைக் கொண்டாந்து சமதரையில ஒட்டி வெச்சிருக்கீங்க.

— அட... ஆமா! அதான் பாக்கறப்பெல்லாம் என்னமோ இடிச்சுட்டே இருந்துது. நம்மூருல சமதரைக்கு எங்க போறது?

— அது மட்டுமா? நீங்க கையால வரைஞ்ச முக்கியமான படம், அந்தக் கீ ஃப்ரேம் எல்லாம் சரியாத்தான் இருக்குது. நடுவுல வர்ற படத்தையெல்லாம் கம்ப்யூட்டரையே போட விட்டுட்டீங்க. அதான் வலது காலு தரையில வழுக்குது.

— ...ரேச்சலு.

— என்ன?

— கீ ஃப்ரேமுன்னா என்னன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— அது... நீங்கதான் தூக்கத்துல கூட அதையே ஒளர்றீங்களே. பேச்ச மாத்தாதீங்க! இவ தோள்ல பை தொங்கியிருக்கணும், ஒரு பக்கம் தூக்கலா இருக்குது. எந்த எறக்கம் இது? மார்க்கெட்டுக்குப் பின்னால போற குறுக்குப் பாதைதானே?

— ...ஆமா.

— நீங்க எடுத்தது அவளுக்குத் தெரியுமா?

— தெரியாது. ஒளிஞ்சு நின்னு எடுத்தேன்.

— ஒளிஞ்சு நின்னா! கேக்கவே நாராசமா இருக்குதுங்க. யாரு அவ? இப்பச் சொல்லுங்க!

— நீதான்.

— வெளையாடாதீங்க!

— நீதான் ரேச்சலு. உன்ற தோளு, உன்ற பையி. அவங்கவங்க நடைய அவங்கவங்க எங்க பாத்திருக்காங்க?

— நானா? நான் இப்படியா நடக்கறேன்? இவ்வளவு... ஒய்யாரமாவா?

— ம்.

— அட கிறுக்கு மனுசா! மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? நான் பாட்டுக்கு மனிஷாவையும் ஜெஸிந்தாவையும் இழுத்து... இருங்க. வேற டீ போட்டுக் கொண்டாறேன்.

— டீ வேண்டாம். உக்காரு.

— ஏனுங்க, மூஞ்சி ஏன் அப்படி இருக்குது? ஆமா... என்னைய எதுக்கு ஒளிஞ்சு நின்னு எடுத்தீங்க? ஊட்டு முன்னால நடந்து காட்டுன்னா நடந்திருப்பேனே?

— ஹோம்வொர்க்குக்காக எடுக்கலை.

— பின்ன?

— சனிக்கிழமையானா சர்ச்சுல கொயர் பாட்டுப் பிராக்டிஸ்னு கெளம்பற. ஒருக்கா மழை புடிச்சுக்கிச்சு, கொடைய எடுத்துட்டுச் சர்ச்சுக்கு வந்தேன். பூட்டிக் கெடக்குது. வாட்ச்மேன் அம்புரோஸ், 'இப்ப ஏதுங்க கொயரு, கிறிஸ்துமஸ் வந்தாத்தானே'ன்னு சொல்லிட்டுச் சிரிக்கறான்.

— அய்யோ...

— அந்தச் சிரிப்ப நான் மறக்கவே மாட்டேன். அடுத்த வாரம் உன்ற பின்னாலயே வந்தேன். டீக்கடை மறைவுல நின்னு எடுத்தேன். அந்த எறக்கத்துல பாட்டுப் பாடாத கொறையா எறங்கற நீ. என்கூட வரும்போது ஒருநாளும் அப்படி நடந்ததில்ல. கீழ கூட்டத்துக்குள்ள போன, அப்புறம் ஆளக் காணோம். சர்ச்சுல கீபோர்டு வாசிக்கற சில்வஸ்டர் ஊடு அந்தப் பக்கம்தானே?

— சில்வஸ்டரா! ச்சீ... வாயக் கழுவுங்க.

— உனக்கு இன்னைக்குத்தான் வயிறு எரியுது. எனக்கு அன்னையில இருந்து எரியுது. நீ எந்தப் பக்கம் திரும்பறன்னு அந்த வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். பாத்துப் பாத்து உன்ற நடை மனப்பாடம் ஆயிருச்சு. ஹோம்வொர்க்குக்கு உக்காந்தா வேற யாரு நடையும் கைக்கு வரலை.

— அப்ப... ஆசையில வரைஞ்சதில்லையா இது?

— சந்தேகத்துல வரைஞ்சது. இப்ப நீ சொல்லு. எங்க போற?

— சொன்னாக் கோவிச்சுக்குவீங்க.

— சில்வஸ்டரா, இல்லையா?

— அவன் மூஞ்சியும் அவனும்! அந்தப் பாதைக்குக் கீழ என்னென்ன இருக்குது? நல்லா யோசிங்க.

— பேக்கரி... ரேஷன் கடை... மருந்துக்கடை மாடியில எங்க கிளாஸ் நடக்கற கம்ப்யூட்டர் சென்டரு... ரேச்சலு?

— சனிக்கிழமை லேடீஸ் பேட்ச். அந்த மனிஷா எப்படி இருப்பான்னு பாத்துட்டு வந்துரலாம்னுதான் மொதல்ல படியேறினேன். அவ உங்க பேட்ச்சாம், அங்க இல்லை. வந்தது வந்துட்டோம், சும்மா திரும்ப வெக்கமா இருந்துது, சேந்துட்டேன். சார்கிட்டயும் உங்களுக்குச் சொல்லவேண்டாம்னு கேட்டுக்கிட்டேன். மொத நாளு பந்து குதிச்சுது பாருங்க... எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சுங்க.

— அடிப்பாவி. இதுக்காடி நான் தூக்கத்தத் தொலைச்சேன்? படிக்கத்தானே போன, இதுல கோவிக்க என்ன இருக்குது? எதுக்கு எங்கிட்ட ஒளிச்ச?

— உங்களவிட எனக்கு நல்லா வந்துட்டா நீங்க தாங்கமாட்டீங்கன்னுதான்... வந்துருச்சுங்க.