மல்லசமுத்திரத்து வண்டியின் கடையாணி

"அலோ… அலோ… ஆருங்க? ஓ, மல்லசமுத்திரத்துப் பண்ணாடிங்களா! சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்தா பேசறீங்க? …ஆமாங்க, சின்னுசாமிதானுங்க. ஸ்டேஷன் வண்டிப்பேட்டை சின்னுசாமி."

பேட்டைக்கு எதிரே இருந்த பஞ்சு மண்டியின் டெலிபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு பேட்டைக் காவல்காரன் சின்னுசாமி இளித்தான். ரயிலேறிப் போகிறவர்கள் ராத்திரிக்கு விட்டுப்போகும் வண்டி எதுவானாலும், கடையாணியைக் கழற்றி அவன் மடியில் போட்டுக்கொள்வான். திருடன் ஓட்டினால் நாலு எட்டில் சக்கரம் கழன்றுவிடும்.

"…ஆமாங்க, ஆமாங்க, வண்டி பத்திரமா நிக்குது. மாடு தண்ணி குடிச்சுருச்சு. …உங்க ஊட்டு அம்மிணிக்கு ரொம்ப முடியலீங்களா? அட பாவமே! …மவளைக் கண்ணுல காட்டச் சொல்லுதா? …சரீங்க, சரீங்க. நீங்க ரயில்ல அனுப்பிச்ச பண்ணையாளு கந்தப்பன் இங்கதான் நிக்கறான். ஊருக்குப் போயி அந்தப் புள்ளையக் கூட்டியாரோணும், கடையாணி குடுன்னு அழுவறான். …நான் குடுக்க மாட்டனுங்க."

வாசலில் கந்தப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"…கோவிச்சுக்காதீங்க. போன தைப்பொங்க நோம்பிக்கு உங்க மச்சாங்கிட்ட வண்டியக் குடுத்துட்டேன்னு, இதே பேட்டையில, நாலு பேரு பாக்கச் செருப்புல அடிச்சீங்களே? 'நான் நேருல வராம எங்கப்பனே வந்தாலும் குடுக்காதடா'ன்னு சொன்னது ஆருங்க? …அது அப்போதைக்குச் சொன்னதுங்களா? எனக்கு இப்பத்தான் அடிச்ச மாதிரி இருக்குதுங்க."

சொல்லும்போதே கன்னம் எரிந்தது. எரிய எரியச் சந்தோஷமாகவும் இருந்தது.

"…பேசறது நீங்கதான்னு நான் எப்படிங்க நம்பறது? இதுல மூஞ்சி தெரியுதுங்களா? …வேற வண்டியா? இன்னிக்குச் சந்தைங்க, ஒண்ணுங் கெடையாது. …காலுல உழுகறீங்களா? சேலத்துல இருந்துக்கிட்டு எப்படிங்க உழுவீங்க? நேருல வந்து உழுவுங்க சாமி, தர்றேன். …அலோ? …ஆரு கூப்புடறாங்க? நர்சம்மாளா? …போயிப் பாத்துட்டு வாங்க, இருக்கறனுங்க."

அந்தப் பக்கம் யாரோ ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இல்லை. கந்தப்பன் எழுந்து பக்கத்தில் வந்து அவன் முகத்தையே பார்த்தான்.

"…அலோ. சொல்லுங்க, பண்ணாடி. …எப்பங்க? …இப்பத்தானா? …ஓ."

சின்னுசாமி மடியிலிருந்த கடையாணியைத் தடவிப் பார்த்தான்.

"அப்படீன்னா இனி அவசரமில்லீங்களே. சாவகாசமா வந்து வாங்கிக்குங்க."

டெலிபோனை வைத்துவிட்டான்.