விஸ்வநாதன் போட்ட இருபத்திரண்டு கோல்

– கதவைச் சாத்தச் சொல்லி நான் சொல்லலையே, மாரியப்பா. திறந்தே இருக்கட்டும்.

– நான் பேச வந்தது வெளியில கேட்டாப் பரவாயில்லையா, ராஜாராமன் சார்?

– சரி, சாத்து. யார் அனுப்பிச்சா உன்னை? யூனியன் பசங்களா?

– யாரும் அனுப்பலை சார். கிடர்பூர்லேர்ந்து நானே டிராம் புடிச்சு வந்தேன். ஒரு சர்டிபிகேட் வேணும். இந்தக் காலேஜுக்கு மூணு வருஷம் சென்டர் ஃபார்வர்டா ஆடி இருபத்திரண்டு கோல் போட்டேன்னு. அது இருந்தா ஒரு வேலை கிடைக்கும்.

– கோல் போட்டது விஸ்வநாதன். ரெக்கார்டு அப்படித்தான் சொல்றது.

– சாயங்கால வகுப்புப் பசங்க ஆடக் கூடாதுன்னு ரூல் இருந்துச்சு. நீங்கதானே சார் என்னைப் பகல் வகுப்பு விஸ்வநாதன் பேருல இறக்கினீங்க?

– எழுத்துல இருக்கா?

– இல்ல. ‘விஸு’ன்னு கூப்பிட்டா நான் திரும்பணும்னு ஒரு வாரம் பயிற்சி குடுத்தீங்க. கார்னர் கிக்குக்குக்கூட அவ்வளவு நாள் குடுக்கலை.

– அப்போ நான் கோச். இப்போ ஸ்போர்ட்ஸ் ஆபீசர். கோச்சுக்குக் கோல் வேணும், ஆபீசருக்கு ரெக்கார்டு வேணும். அந்த விஸ்வநாதன் எங்கே இப்போ?

– நீங்க குடுத்த சர்டிபிகேட்டைக் காட்டி ஒரு சணல் கம்பெனியில விளையாட்டுக் கோட்டாவுல சேர்ந்துட்டான். ஞாயித்துக்கிழமை கம்பெனி மேட்ச். பந்து இந்தப் பக்கம் வந்தா அவன் அந்தப் பக்கம் போற ஆளு. முந்தாநாள் எங்க வீட்டுக்கே வந்துட்டான், அவன் பேருல என்னை வந்து ஆடச் சொல்லி.

– ஒத்துண்டுட்டியா?

– யோசிச்சுச் சொல்றேன்னேன். இப்படியே போனா விஸ்வநாதனாவே ரிட்டையர் ஆயிடுவேன் போல.

– என்னடா, மிரட்டறியா?

– கேக்கறேன் சார்.

– பதினாலு வருஷம்டா. மழையோ, பந்த்தோ, பூஜா லீவோ, ஒரு நாள் பிராக்டீஸுக்கு நான் வராம இருந்திருக்கேனா? உங்களுக்கெல்லாம் கடலை ஊறவச்சு, வெல்லத்தோட ஆத்துலேர்ந்து தூக்கிண்டு வந்தேன். அப்படிச் சம்பாதிச்ச பேரு. உனக்காக அதைக் கெடுத்துக்க முடியாது.

– ஒரு நாள்கூட தவறினதில்ல சார். எழுபத்தஞ்சு ஜனவரியில என் கணுக்கால் பிசகினப்போ ரிக்‌ஷாவுல கூட வந்ததே நீங்கதான்.

– ஞாபகம் இருக்கோன்னோ? அப்புறம் என்னத்துக்கு என் தலைக்கு மேலேயே பார்த்துண்டு நிக்கறே?

– சுவத்துல மாட்டியிருக்கிற டிப்ளமாவைப் பாக்கறேன் சார். இந்த ஆபீசர் வேலைக்கு அது இல்லாம முடியாதாமே.

– முடியாது. ரூல்.

– பம்பாயில தங்கிப் படிச்சதாப் போட்டிருக்கு. எழுபத்துநாலு ஜூலையிலேர்ந்து எழுபத்தஞ்சு ஏப்ரல் வரைக்கும்.

– அதுக்கென்ன?

– அந்தப் பத்து மாசமும் எங்களுக்குக் கடலை வந்துச்சே சார். அங்க உங்க பேருல படிச்சது யாரு?

– உன் இனிஷியல் என்னடா, மாரியப்பா?